லேயில் ஆறு நாட்கள்

அம்பாசமுத்திரத்தில் பிறந்து, பொதிகையை அடிவாரத்திலிருந்து பார்த்தே வளர்ந்த நான், 1996-இல் இராணுவப் பணிக்காகச் சண்டிகரிலிருந்து விமானத்தில் லடாக்கிலுள்ள லே சென்று இறங்கினேன். ஏறத்தாழ 11,500 அடி உயரம். அங்கே ஆறு நாள் உடலைப் பழக்கிய பிறகே மேலே அனுப்புவார்கள்: முதல் இரண்டு நாள் ஓய்வு, அடுத்த இரண்டு நாள் சமதளத்தில் நடை, பிறகு சிறு ஏற்றம். 12,000 அடியைத் தாண்ட மேலும் நான்கு நாள், 15,000 அடியைத் தாண்ட இன்னும் நான்கு நாள்.

உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று, இரண்டாம் நாளே இரு வாளித் தண்ணீரை மேட்டுக்குச் சுமந்தேன். அன்றிரவு வறட்டு இருமல் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. விடியுமுன் நெஞ்சுக்குள் உலை கொதிப்பதுபோல் ஒரு சத்தம் எனக்கே கேட்டது. நோயுற்றவர்கள் மருத்துவரிடம் காட்டும் காலை சிக் ரிப்போர்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று கிடந்த என் உதடு நீலம் பாய்ந்திருப்பதை, டார்ச்சுடன் சுற்றிவந்த நர்சிங் அசிஸ்டென்ட் கண்டார். ஆக்சிஜன் பொருத்தி, மருத்துவ அதிகாரியை எழுப்பி, ஓரடிகூட என்னை நடக்கவிடாமல் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. 153 பொது மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து எழுந்தேன்.

படைப்பிரிவின் எம்.ஐ. ரூம் எனும் சிறு மருத்துவ அறையில் தொடங்கி, கள மருத்துவமனை, பொது மருத்துவமனை, புணே போன்ற இடங்களிலுள்ள கமாண்ட் மருத்துவமனை, உச்சியில் தில்லி இராணுவ மருத்துவமனை என்று இராணுவ மருத்துவ வரிசை மேலே போகிறது. ஒவ்வொரு படியும் தன்னால் இயன்றதைச் செய்து, உயிரைக் காத்து, தாமதமின்றி மேலே அனுப்புகிறது. ஆயினும், படுக்கைக்கு மிக அருகில் இருப்பவர் விழித்திருந்தால்தான் மற்றப் படிகளுக்கு வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

ஓய்வுக்குப் பின் முன்னாள் படைவீரர்களான நமக்கு இருப்பது 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்னும் பங்களிப்பு மருத்துவத் திட்டம். வழக்கமான சிகிச்சைக்குத் திருநெல்வேலியிலுள்ள அத்திட்டத்தின் பாலிகிளினிக் சென்று பரிந்துரைச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் காரில் கொண்டுபோனபோது, திட்டத்தின் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் சீட்டு இல்லையென்று முன்பணம் கேட்டார்கள். அவசர நிலையில் நேரடியாகச் சேர்க்கலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்கு மருத்துவமனையே தெரிவிக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லிச் சேர்ப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. அதுவரை அப்பா சக்கர நாற்காலியில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.