ஒடித்துப் பார்க்காமலே மதிப்பெண்ணா?

ஈரோட்டு மஞ்சள்:
ஏனுங்க, நம்ம அமெரிக்கக் கால்பந்து அணி ஃபார்ட்டி நைனர்ஸ், டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில்) எடுத்த பையன்களுக்கு ஒரு நிபுணர் 'சி' மதிப்பெண் போட்டிருக்கிறார். இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! எங்கள் மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் விலை சொல்ல மாட்டோம்.

பவானிக்காரன்:
ஆட்டத்துக்கு அல்லங்க, தேவையான இடத்துக்கு ஆள் எடுத்தார்களா என்பதற்குத்தான் அந்த மதிப்பெண்.

ஈரோட்டு மஞ்சள்:
சரி, 2021இல் மூன்றாவதாக எடுத்த டிரே லான்ஸை 2023இலேயே டல்லஸ் அணிக்கு அனுப்பினோம். 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக வந்த பர்டிதான் 2024 சூப்பர் பவுல் இறுதிப் போட்டி வரை கூட்டிப்போனார். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன். கூடுதல் நேரத்தில் தோற்றதில் அன்று மண்டிக்கே போகவில்லை.

கோபி:
262ஆவது ஆள் வருசாவருசம் பர்டி ஆகிவிடுவாராக்கும்?