டாஸ் பில்லிங் புது கம்ப்யூட்டரில் ஓடவில்லை, வழி உண்டா?

மண்டிக்காரன்:
வணக்கம். எங்கள் அரிசி மண்டியில் 1997-ல் அப்பா எழுதி வாங்கிய பாக்ஸ்புரோ 2.6 (விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் டேட்டாபேஸ் மென்பொருள்) புரோகிராமில்தான் இன்றுவரை பில், மூட்டைக் கணக்கு, கமிஷன் எல்லாம். எழுதிக்கொடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை. போன வாரம் எக்ஸ்பி மெஷினின் மதர்போர்டு போய்விட்டது, நல்லவேளை ஹார்ட் டிஸ்க் தப்பியது. அதை அப்படியே புது விண்டோஸ் 11-ல் காப்பி செய்து தட்டினால் இந்த ஆப் ஓடாது என்கிறது. கம்பாட்டிபிலிட்டி மோட் அத்தனையும் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்குப்பிள்ளைக்கு வயது 68, மவுஸைத் தொடவே மாட்டார்.

கருப்புத்திரை:
கம்பாட்டிபிலிட்டி மோட் இதற்கு உதவாது. உங்களுடையது 16 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸ் அதைத் தொடாது, 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10-ல் ஓடியிருக்கும், ஆனால் அதற்கும் 2025 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்தது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போடுங்கள், விண்டோஸுக்குள்ளேயே பழைய டாஸ் கம்ப்யூட்டர் போல நடிக்கும் புரோகிராம் அது, உங்கள் ஃபோல்டரை அதில் சி டிரைவாக மவுண்ட் செய்தால் போதும். அதற்கு முன்னால் டிபிஎஃப் (டேட்டா), சிடிஎக்ஸ் (தேடுவதற்கான இண்டெக்ஸ்), எஃப்பிடி (நீளமான குறிப்புகள்) ஃபைல்கள் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

நேரடிபேச்சு:
28 வருடமாக ஒரே புரோகிராமா! டிபிஎஃப்பை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கலாம், டேட்டாவை எடுத்துக்கொண்டு வேறு ஏதாவதற்கு மாறுங்கள் சார்.

மண்டிக்காரன்:
மாறத்தான் வேண்டும், ஆனால் அறுவடை நேரத்தில் முடியாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் திறந்துவிட்டது, பழைய புரோகிராமின் அதே நீலத் திரை! கணக்குப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து பில் போட ஆரம்பித்துவிட்டார். இப்போது பிரிண்ட்தான் தகராறு. டாட் மேட்ரிக்ஸில் எழுத்து பெரிதாக விழுகிறது, மொத்தத் தொகை அடுத்த வரிக்கு மடிகிறது.

கருப்புத்திரை:
பிரிண்டரிடம் எழுத்தைச் சுருக்கச் சொல்லும் குறியீட்டை விண்டோஸ் டிரைவர் நடுவில் தின்றுவிடுகிறது. எல்பிடி1-க்கு (டாஸின் பிரிண்டர் போர்ட்) போவதை ஃபைலாக எழுத வைத்து, பிரிண்டரை ஷேர் செய்து, காப்பி கமாண்டில் /பி சேர்த்து அந்த ஃபைலை அனுப்புங்கள், குறியீடு அப்படியே போகும். இந்தக் கமாண்டை ஒரு பேட்ச் ஃபைலாக எழுதி வைத்தால் அவர் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

அப்புறம் அவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள், வேலை முடிந்ததும் மெனுவில் போய்த்தான் வெளியே வர வேண்டும். ஜன்னல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடினால் இண்டெக்ஸ் கெடும், எங்கள் கடையில் ஒரு தடவை பாதி பார்ட்டி பெயர் தேடினால் வரவே இல்லை, ரீஇண்டெக்ஸ் கொடுத்து இண்டெக்ஸைப் புதிதாக உருவாக்கிய பிறகுதான் வந்தது.

மண்டிக்காரன்:
கார்பன் பேப்பரோடு மூன்று நகலும் சரியாக விழுந்தது. பெருக்கல் குறி விஷயத்தில் கவலையில்லை, அதற்கு அவர் மவுஸைத் தொட வேண்டுமே.