டென்யூர் டிராக்கா, டீச்சிங் டிராக்கா? அமெரிக்கப் பல்கலை ஆஃபர் இரண்டு

காவிரிக்கரை:
ஒரு மாநிலப் பல்கலையில் டென்யூர் டிராக் (பின்னால் டென்யூர், அதாவது நிரந்தரப் பதவி, கிடைக்கக்கூடிய) உதவிப் பேராசிரியர் வேலை. வருடத்துக்கு நான்கு பாடம், ஒன்பது மாதச் சம்பளம் (கோடைக்கு இல்லை). இன்னொன்றில் டீச்சிங் டிராக் (முக்கியமாகப் பாடம் நடத்தும் வேலை, டென்யூர் இல்லை), எட்டுப் பாடம், மூன்றாண்டு கான்டிராக்ட். இப்போது போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), எச்-1பி வேலை விசாவில் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. டென்யூர் வாங்கிவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்கிறார்கள். அதை நம்பி ஆறு வருடம் உழைக்கலாமா?

பேனாமுனை:
பாதிதான் உண்மை. டென்யூர் உள்ளவரை நீக்கக் காரணம் காட்டி விசாரணை நடத்த வேண்டும். டீச்சிங் டிராக்கில் பெரும்பாலும் கான்டிராக்டைப் புதுப்பிக்காமல் விட்டாலே முடிந்தது. நிர்வாகத்தை எதிர்த்துப் பேசவும், நாலைந்து வருடம் பேப்பர் வராத ஆராய்ச்சியில் இறங்கவும் இந்தப் பாதுகாப்புதான் துணை.

ஆனால் நிதி நெருக்கடியும் துறையை மூடுவதும் விதிவிலக்கு. 2023ல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலை 28 படிப்புகளையும் 143 ஆசிரியர் இடங்களையும் வெட்டியபோது டென்யூர் உள்ளவர்களும் தப்பவில்லை. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைகளில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. அடிமட்ட மதிப்பெண் வந்தால் வேலை போகும். ஆஃபர் எந்த மாநிலம் என்று முதலில் பாருங்கள்.

சுண்ணக்கட்டி:
ஆறு வருடம் என்பதே கணக்குப் பிழை. ஆறாம் வருடம் டென்யூர் தரலாமா என்று ஓட்டெடுப்பு. பல இடங்களில் உங்கள் வேலையை மதிப்பிடும் வேறு பல்கலைப் பேராசிரியர்களுக்கு ஃபைல் போவது ஐந்தாம் வருடக் கோடையிலேயே. அதாவது கையில் இருப்பது ஐந்து வருடம். அதில் லேப் அமைக்க ஒன்றரை வருடம் போகும், முதல் கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) விண்ணப்பம் அநேகமாக நிராகரிக்கப்படும்.

ஃபைல் கவிழ்வது பெரும்பாலும் அந்த வெளிக் கடிதங்களில்தான். பிஎச்டி கைடு, போஸ்ட்டாக் கைடு, கூட எழுதியவர்கள் கடிதம் தரக்கூடாது. எல்லாப் பேப்பரிலும் பழைய கைடு பெயர் இருந்தால், ‘இவருடைய சொந்த வேலை எது?’ என்று எழுதிவிடுவார்கள். மூன்றாம் வருட ரிவ்யூவில் துறை இதை மென்மையாகத்தான் சொல்லும். அதை எச்சரிக்கையாகவே படியுங்கள். டென்யூர் மறுத்தால் ஏழாம் வருடம் கடைசி வருடம், அத்தோடு வெளியே. பழைய பதவியிலேயே தொடரும் வழி இல்லை.

வடகிழக்கு:
விசாவை யாரும் சொல்லவில்லையே! எச்-1பி மொத்தம் ஆறு வருடம்; போஸ்ட்டாக் காலமும் அதில் சேர்த்தி. உங்களுக்கு மிச்சம் நான்கு. டென்யூர் முடிவு வருமுன்பே அது தீர்ந்துவிடும். டென்யூர் கிடைக்கட்டும், பிறகு கிரீன் கார்டு பார்க்கலாம் என்று துறைத்தலைவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்லூரி ஆசிரியருக்கான சிறப்பு வழி பெர்ம் (கிரீன் கார்டுக்கு முன் வாங்க வேண்டிய தொழிலாளர் சான்று) விண்ணப்பத்தை, உங்களை வேலைக்குத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் போட வேண்டும். தவறினால் ஆள் தேர்வு முழுவதையும் விளம்பரத்திலிருந்து மறுபடி நடத்தணும். பெர்ம் தேவைப்படாத இபி-1பிக்கு (சிறந்த பேராசிரியர், ஆய்வாளர்களுக்கான கிரீன் கார்டு பிரிவு) ஆசிரியப் பணி டென்யூர் அல்லது டென்யூர் டிராக்காக இருக்க வேண்டும். டீச்சிங் டிராக்குக்கு அது கிடையாது. இபி-2வில் (உயர்படிப்பு உள்ளவர்களுக்கான பிரிவு) இந்தியர் வரிசை பல வருடம் நீள்வது தெரிந்ததுதானே.

மூன்றாம்பெஞ்சு:
மறுபக்கமும் கேளுங்கள். 1994 முதல் டென்யூர் பேராசிரியர்களுக்குக் கட்டாய ஓய்வு வயது இல்லை. மூத்தவர் நகராதவரை அந்த இடம் திறக்காது, வகுப்பு பகுதிநேர ஆசிரியர் தலையில் விழுகிறது. உள்ளே போனவருக்கும் ஒரு பொறி உண்டு: புதிதாக வருபவருக்குச் சந்தைச் சம்பளம், பழையவருக்குச் சிறு உயர்வு. வேறிடத்து ஆஃபரைக் காட்டினால்தான் ஏறும். பிரிட்டன் 1988 சட்டத்தில் டென்யூரையே எடுத்துவிட்டது; அங்கே ஆராய்ச்சி நின்றுவிடவில்லை.

காவிரிக்கரை:
நன்றி. போஸ்ட்டாக் காலத்துக்கு இரண்டு வருடக் கிரெடிட் (டென்யூர் கணக்கில் கழிவு) தருகிறார்களாம். வாங்கலாமா?

சுண்ணக்கட்டி:
கட்டாயக் கிரெடிட் என்றால் வேண்டாம், ஓட்டெடுப்பு நான்காம் வருடமே வந்துவிடும். ‘விரும்பினால் பயன்படுத்தலாம்’ என்று ஆஃபர் கடிதத்தில் எழுதித் தந்தால் வாங்குங்கள். பழைய பேப்பர்கள் கணக்கில் சேருமா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அதைவிட முதல் வருடம் ஒரு பாடம் குறைப்பு, ஆராய்ச்சியைத் தொடங்கப் பல்கலை தரும் ஸ்டார்ட்-அப் பணத்தைச் செலவழிக்க மூன்று வருட அவகாசம், இரண்டு கோடைகளுக்குச் சம்பளம் கேளுங்கள். கிராண்ட் வந்தாலும் என்எஸ்எஃப் (அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு) பொதுவாக வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம்தான் தரும்.