ஆபீஸ் 2021 போட்டதும் ஆக்சஸில் பிவட் டேபிள் காணோம்

நீடாமங்கலம் கணக்கர்:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். நெல் வரவு முழுக்க ஆக்சஸ் 2010-ல் (ஆபீஸோடு வரும் டேட்டாபேஸ் புரோகிராம்) இருந்தது. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் புதியதில் ஆபீஸ் 2021 போட்டுக் கொடுத்தார்கள். பதிவெல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் ரகம், மேலே மாதம், நடுவில் மூட்டை என்று காட்டும் பிவட் டேபிள் வியூ மெனுவிலேயே இல்லை. முதலாளிக்கு ஆடுதுறை 43 எவ்வளவு, சி.ஆர். 1009 எவ்வளவு என்று ஒரே தாளில் வேண்டும். தாளடி நெல் இறங்கிக்கொண்டிருக்கிற நேரம். எடைச்சீட்டுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கால்குலேட்டர் தட்டுகிறேன். பேசாமல் 2010-ஐயே திரும்பப் போட்டுவிடலாமா?

கும்பகோணத்தான்:
வேண்டாம் சார். 2010-க்கு 2020 அக்டோபரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பிவட் டேபிள், பிவட் சார்ட் வியூ இரண்டையும் 2013 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். ரிப்பேர் போட்டாலும் வராது. குவெரி (பதிவுகளிலிருந்து வேண்டியதை எடுக்கும் கேள்வி) விசார்டில் கிராஸ்டேப் இருக்கிறது, பாருங்கள். அதுவும் இதே மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டிக் காட்டும். ரகம் ரோ ஹெட்டிங் (இடப்பக்கத் தலைப்பு), தேதி காலம் ஹெட்டிங் (மேல் தலைப்பு), மூட்டைக்கு சம் (கூட்டல்). தேதியை மாதவாரியாகப் பிரிக்கவா என்று அதுவே கேட்கும்.

திருவாரூர் ஆடிட் ஆபீஸ்:
இழுத்து இழுத்து மாற்றிப் பார்க்கிற வசதிதான் வேண்டுமென்றால் எக்செலுக்குப் போங்கள். டேட்டா மெனுவில் கெட் டேட்டா வழியாக ஆக்சஸ் ஃபைலைக் கொடுத்து, பிவட் டேபிளாக இறக்கலாம். புது வரவு ஏறினால் ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும். குவெரியில் என்இசட் (Nz, காலி இடத்துக்குப் பூஜ்யம் போடுவது) ஃபங்ஷன் இருந்தால் மட்டும் எக்செல் முரண்டு பிடிக்கும். அதற்குப் பதில் ஐஐஎஃப் (IIf, 'இப்படி இருந்தால் இது, இல்லையென்றால் அது' என்கிற ஃபங்ஷன்) வைத்து மாற்றிவிடுங்கள்.

நீடாமங்கலம் கணக்கர்:
கிராஸ்டேப் வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஜனவரியில் இருக்கிற மூட்டையைப் பார்த்தால் எங்கள் குடோனே கொள்ளாது!

கும்பகோணத்தான்:
விசார்ட் மாதத்தை மட்டும்தான் பார்க்கும், வருஷத்தைப் பார்க்காது. எல்லா வருஷத்து ஜனவரியும் ஒன்றாகக் கூடியிருக்கும். முதலில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை மட்டும் எடுக்கிற ஒரு குவெரி எழுதி, அதன்மேல் கிராஸ்டேப் போடுங்கள். தேதியைக் கேட்டு வாங்குகிற மாதிரி வைத்தால், பாராமீட்டர்ஸ் பெட்டியில் அதை டேட் என்று அறிவித்தாக வேண்டும். சாதாரண குவெரி இதைக் கண்டுகொள்ளாது, கிராஸ்டேப் விடாது. அப்புறம் டிசைன் வியூவில் குவெரி ப்ராப்பர்ட்டிக்குப் போய், காலம் ஹெட்டிங்ஸ் கட்டத்தில் ஏப்ரலை முன்னால் வைத்து மாதங்களை மாற்றி அடுக்குங்கள். ஆடிட்டருக்கும் அதே வரிசைதான் பிடிக்கும்.

நீடாமங்கலம் கணக்கர்:
இப்போது சரியாக இருக்கிறது அண்ணே. பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைத்தாயிற்று. ஊர்வாரியாகவும் வேண்டுமாம்.