மறுமொழி: ஸ்பாய்லருக்குத் தமிழ்ச்சொல் – என் பரிந்துரை 'முன்னவிழ்ப்பு'

எல்லோருக்கும் வணக்கம்.

'இப்போது என்ன வாசிக்கிறீர்கள்' என்ற இழை நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கரைப்பற்றுத் தம்பி, லியூ சிசின் எழுதிய 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலில் பாதி தாண்டியிருப்பதாக ஆசையோடு எழுதினார். அடுத்த மடலிலேயே ஒருவர் மிச்சப் பாதியைக் கொட்டிவிட்டார். தம்பிக்குக் கோபம் வந்தது, வரத்தான் வேண்டும். அதிலிருந்துதான் 'சரி, இந்த ஸ்பாய்லரை, அதாவது கதையில் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பதை, தமிழில் என்னவென்று சொல்வது' என்ற பேச்சு கிளம்பியது. இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். விஞ்ஞானப் புனைகதையும் மாயப் புனைகதையும் வாசிக்கிற நமக்கு இது அன்றாடம் தேவைப்படுகிற சொல். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

> முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பதே பொய். ஆய்வே இருக்கிறது. நம்முடைய கூத்தையும் பாருங்கள். இல்லாத நோய்க்கு எதற்குப் பெயர்?

இது கல்முனை அண்ணன் எழுதியது. அண்ணன், முதலில் ஆய்வைப் பார்ப்போம். நீங்கள் சொல்வது 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நடந்தது. 12 சிறுகதைகள், சிலருக்கு முடிவை முன்பே சொல்லி வாசிக்கக் கொடுத்தார்கள். அப்படி வாசித்தவர்கள் சராசரியில் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று வந்தது. ஆனால் அவை ஒரே இருப்பில் வாசித்து எழும்பக்கூடிய கதைகள். வாசித்த மாணவர்கள் தாங்களாகத் தேடி எடுத்தவையும் அல்ல. மூன்று தடித்த புத்தகங்களாகப் போகிற ஒரு தொடருக்குள் கிழமைக்கணக்கில் குடியிருப்பவரின் நிலை வேறு. போதாததற்கு, 2015இல் வேறு இருவர் இதே மாதிரி சிறுகதைகளை வைத்துச் செய்து பார்த்தபோது முடிவு மறுபக்கம் சாய்ந்தது. ஆகவே ஆய்வு முடிந்த முடிபாகச் சொல்லிவிட்டது என்று வைக்க முடியாது.

கூத்தைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடமோடியோ தென்மோடியோ, ஊரில் ஒரு கூத்துக்குச் சட்டம் கொடுத்த (ஆடுபவர்களுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்த) நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்க்கும். களரி (ஆடுகளம்) கட்டி அரங்கேற்றும் நாளில், கூத்தர் பாட வாயெடுக்க முன்னமே தருவின் (கூத்துப் பாட்டின்) அடுத்த அடியைச் சபையில் இருக்கிற சிறுவன் முணுமுணுப்பான். அருச்சுனன் யார், அபிமன்யு என்ன ஆவான் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. இருந்தும் விடிய விடியச் சனம் எழும்பாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசம் போவதைப் பார்க்க வருகிறவர்களும் பாரதக் கதை தெரியாதவர்கள் இல்லை. சபை காத்திருப்பது என்ன நடக்கும் என்பதற்காக அல்ல. பாத்திரம் களரிக்கு வருகிற அந்த வரவை இவன் எப்படி ஆடப்போகிறான், கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளம் அந்த இடத்தில் எப்படி ஏறப்போகிறது, இதற்காகத்தான்.

இதிலிருந்து நோயே இல்லை என்று அண்ணன் முடிவெடுக்கிறார். நான் வேறு முடிவுக்கு வருகிறேன். கூத்து தன் கதையை யாருக்கும் மறைத்து வைக்கவில்லை. மறைக்காததை ஒருவர் வெளியே சொன்னால் நட்டம் இல்லை. ஆனால் சில கதைகள் ஒரு விஷயத்தைக் கட்டி வைத்து, தாங்கள் நினைத்த இடத்தில்தான் அவிழ்க்கின்றன. அந்த இடத்துக்கு வாசகர் வந்துசேர முன்னமே வேறொருவர் அதை அவிழ்த்துவிட்டால்தான் கெடுதி. நாம் பெயர் வைக்க வேண்டியது இதற்கு.

வாசிப்பிலிருந்தே இரண்டு உதாரணம் காட்டலாம். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1965இல் வந்தது. கதாநாயகனின் குடும்பத்துக்குத் துரோகம் செய்யப்போகிறவர் யார் என்பதை நாவலின் தொடக்கத்திலேயே, எதிரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இடத்தில், ஹெர்பர்ட் நமக்குச் சொல்லிவிடுகிறார். அரண்மனைக்குள் இருப்பவர்கள்தான் அது தெரியாமல் பிழையான ஆளைச் சந்தேகிக்கிறார்கள். நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது; அந்தப் பதைப்பில்தான் அந்தப் பகுதி முழுக்க நகர்கிறது. ஆகவே துரோகி யூவே என்று நான் இங்கே எழுதினால் அது ஸ்பாய்லர் ஆகாது. எழுதியவரே முதலில் அவிழ்த்து வைத்ததுதான்.

டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' 1998இல் வந்த நெடுங்கதை. மொழியியலாளரான தாய் தன் மகளைப் பார்த்துச் சொல்வதுபோல் போகும். அந்த மகள் இளம் வயதில் இறந்துபோவாள் என்பது ஆரம்பப் பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. அதைச் சொல்வதால் ஒன்றும் கெடவில்லை. ஆனால் தாய் ஏன் அந்தக் கதையை அப்படியொரு காலத்தில் வைத்துப் பேசுகிறாள் என்பது கட்டி வைத்த முடிச்சு. அதை இங்கே நான் எழுதமாட்டேன். மரணத்தைச் சொல்லலாம், ஒரு வினைச்சொல்லின் காலத்தை விளக்கக்கூடாது! ஆகப் பெரிய சம்பவம் எது, கடைசிச் சம்பவம் எது என்பதெல்லாம் அளவுகோல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு, வந்த சொற்களைப் பார்க்கிறேன்.

'முடிவுடைப்பு' இதனாலேயே சரிவராது. கெடுவது முடிவு மட்டுமில்லை. நடுவில் வருகிற ஒரு திருப்பத்தைச் சொன்னாலும் கெடும். 'கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு, பாருங்க' என்று மட்டும் சொன்னாலும் பாதி கெட்டுவிடும். அதற்குப் பிறகு வாசகர் கதையை விட்டுவிட்டுத் திருப்பத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

ஆரையம்பதி டீச்சர் தந்த 'கதைக்கசிவு' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் டீச்சர், எங்கள் பக்கத்தில் கதை என்றால் பேச்சும்தானே. 'அவரோடு கதைச்சனான்' என்றுதானே சொல்கிறோம். 'கதைக்கசிவு' என்றால் கந்தோரில் இரகசியம் வெளியே வந்துவிட்டது போல இங்கே கேட்கும். அதோடு கசிவு என்பது தானாக நடப்பது. இதை ஒரு ஆள் செய்கிறார். சொல்லில் அந்த ஆள் தெரிய வேண்டும். 'சுவைக்கொல்லி'க்கு நான் உடன்படமாட்டேன். பூச்சிக்கொல்லியும் கிருமிகொல்லியும் உடனே ஞாபகத்துக்கு வருகின்றன. தெரியாமல் ஒரு வரி சொல்லிவிட்ட பிள்ளையை அப்படி அழைப்பது கூடிப்போன தண்டனை.

காத்தான்குடி சேர் தந்த 'முடிச்சவிழ்ப்பு'தான் இலக்குக்கு மிகக் கிட்ட வந்த சொல். சேர், உங்கள் சொல்லில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: முடிச்சை அவிழ்ப்பது கதை தானே செய்கிற நல்ல வேலை. விமர்சனக் கட்டுரைகளில் அந்தப் பொருளில் அது ஏற்கெனவே புழங்குகிறது. ஒரே சொல்லைக் கதாசிரியரின் திறமைக்கும் கதையைக் கெடுப்பவரின் அவசரத்துக்கும் வைக்க முடியாது. இரண்டையும் பிரிப்பது 'முன்' என்ற ஒன்றுதான். அதனால் உங்கள் சொல்லிலிருந்து 'முடிச்சை' எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'முன்'னை வைக்கிறேன்.

முன் + அவிழ்ப்பு = முன்னவிழ்ப்பு.

தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். புணர்ச்சியில் சிக்கல் இல்லை. முடிச்சும் அவிழும், மொட்டும் அவிழும். பழைய பாட்டுகளில் பூ அவிழ்ந்துகொண்டேதான் இருக்கிறது. தன் பொழுதுக்கு முன் விரல் விட்டுப் பிரித்த மொட்டு எப்படிப் போகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வினையாக வருகிறதா என்று பார்த்தேன். 'நான் இன்னும் வாசிக்கவில்லை, முன்னவிழ்க்காதீர்கள்.' வருகிறது. மடலின் தலைப்பில் எச்சரிக்கையாக: 'முன்னவிழ்ப்பு உண்டு'. விமர்சனத்துக்கு: 'முன்னவிழ்ப்பில்லா அறிமுகம்'. நடந்துவிட்டதைச் சொல்ல: 'பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் முன்னவிழ்த்துவிட்டார்'. ஒரே வேரிலிருந்து இத்தனையும் இழுக்க வருவதுதான் கலைச்சொல்லுக்குப் பெரிய தகுதி என்று நினைக்கிறேன். பெயராக மட்டும் நின்று, வினை தேவைப்படும்போது 'பண்ணு' என்ற துணையைத் தேடுகிற சொல் நாளடைவில் செத்துப்போகும்.

ஒரு தடையை நானே சொல்லிவிடுகிறேன். பேச்சில் 'அவிழ்த்து விடுறான்' என்றால் புளுகுகிறான் என்று பொருள். ஆனால் அங்கே 'விடு' இல்லாமல் அந்தப் பொருள் வராது. முன்னே 'முன்' ஒட்டிக்கொண்ட பிறகு குழம்பவும் இடமில்லை.

> சொல் எதுவாகவும் இருக்கட்டும், நாங்கள் ஸ்பாய்லர் என்றுதான் சொல்லப்போகிறோம்.

இப்படி எழுதிய தம்பி, பேச்சில் சொல்லுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நாம் தமிழில் நூல் அறிமுகம் எழுதுகிறோம், பாடசாலைப் பிள்ளைகளை வாசிக்கக் கூப்பிடுகிறோம். எழுத்துக்கு ஒரு சொல் வேண்டும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னைக்குப் போய்க் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பாடசாலையில் விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் செய்த வேலை அது. விஞ்ஞானத்துக்கே சொல் கண்டபிறகு, விஞ்ஞானப் புனைகதையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சொல் காண நாம் தயங்கத் தேவையில்லை.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் வானத்திலிருந்து விழவில்லை. 1971இல் நேஷனல் லாம்பூன் என்ற அமெரிக்க நகைச்சுவை இதழ், பல படங்களின், நாவல்களின் முடிவுகளை 'ஸ்பாய்லர்ஸ்' என்ற தலைப்பில் வரிசையாகப் போட்டது. 1982இல் இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படம் வந்தபோது, யூஸ்நெட் என்ற பழைய கணினி மடல் குழுக்களில் அதைப் பற்றி எழுதியவர்கள் மேலே எச்சரிக்கை வைத்து எழுதினார்கள். நம்மைப் போல மடலில் கதை பேசிய இரசிகர்கள்தான் தங்கள் தேவைக்கு அதைப் பரப்பினார்கள்.

அந்தக் காலத்து யூஸ்நெட்டில் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. சொல்லக்கூடாததை எழுத்து மாற்றி எழுதுவார்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளினால் வாசிக்க முடியாததாகும், இன்னொரு தரம் தள்ளினால் பழையபடி வந்துவிடும். நமக்கு மெய் 18. ஒன்பது இடம் தள்ளினால் அதே வேலை நடக்கும்! க–ம, ங–ய, ச–ர, ஞ–ல, ட–வ, ண–ழ, த–ள, ந–ற, ப–ன என்று சோடி சேர்கின்றன. உயிரும் உயிர்க்குறியும் இருந்தபடி இருக்கட்டும். கோவலன் 'மோடஞப்' ஆவான், கண்ணகி 'மழ்ழமி' ஆவாள். கிரந்த எழுத்துகள் இந்த வரிசைக்கு வெளியே நிற்கும்; அவற்றை அப்படியே விட்டுவிடலாம். கண் தவறிப் பட்டாலும் கதை கெடாது, வேண்டியவர் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார். 'முன்னவிழ்ப்பு உண்டு' என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே இப்படி எழுதினால் அக்கரைப்பற்றுத் தம்பி நிம்மதியாக மடலைத் திறக்கலாம்.

சொல்லைப் பற்றி மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். காத்தான்குடி சேரின் கருத்தை முதலில் எதிர்பார்க்கிறேன், பாதிச் சொல் அவருடையது.

அப்புறம், இழை தொடங்கிய கேள்விக்கு என் பதில்: உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்', 1969இல் வந்தது, இரண்டாம் வாசிப்பு. எந்நேரமும் பனி மூடிய ஒரு கிரகம். அங்குள்ள மனிதர்கள் நிலையாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வெளியிலிருந்து தூதனாக வந்த ஒருவன் அவர்களைப் புரிந்துகொள்ளப் படுகிற பாடுதான் கதை. பனிப்பாலையைக் கடக்கிற அத்தியாயங்களை மெதுவாக வாசியுங்கள். கூடாரத்துக்குள் இருவரும் பேசிக்கொள்கிற இடங்களை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். வாசித்து முடித்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி.

முன்னவிழ்ப்பு உண்டு:

எஞ்ஞைஙிஞ் றவன்னளை எப்பாஞ் ளாய்ம குவிஙடிஞ்ஞை.