பாபநாசம் – புன்னக்காயல் ஓட்டம்: கருங்குளத்தில் வண்டி ஏறினது யார்?

கல்லிடை அண்ணாச்சி:
ரெண்டு நாளாக ஒரு பதிவு எல்லார் கைபேசியிலும் சுற்றுகிறது. நாலு நண்பர்கள் சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் பாபநாசம் படித்துறையில் கிளம்பி, ஞாயிறு பொழுது சாய்வதற்குள் புன்னக்காயலில் கடலில் காலை நனைத்தார்களாம். அம்பை, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி, ஏரல் என்று தாமிரபரணி போகிற போக்கிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமும் நடையுமாக. "ஒரு அடிகூட வண்டியில் ஏறவில்லை" என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் ஞாயிறு காலை கருங்குளத்தில், வாழைத்தார் ஏற்றி நின்ற குட்டியானையின் பின்பக்கத்தில், ஆரஞ்சு பனியன் போட்ட ஒரு தம்பி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்ததை என் சகலை கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தத் தம்பி யார்? வண்டி எங்கே போனது? இந்த ரெண்டுக்கும் பதில் சொன்னால் போதும், நான் போய்ப் படுத்துக்கொள்வேன்.

பொருநைப் பொடியன்:
அண்ணாச்சி, அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன். உட்கார்ந்தது எங்கள் ஆள்தான். வண்டி நின்றுகொண்டிருந்தது. சேரன்மகாதேவியில் ஆற்றில் இறங்கி முகம் கழுவினபோது ஷூவுக்குள் மணல் போய்விட்டது. ஈரக் காலோடு ராத்திரி முழுக்க ஓடினதில் குதிகாலில் கொப்புளம். கருங்குளத்தில் சாக்ஸைக் கழற்றினால் தோலும் கூடவே உரிந்து வந்தது. பிளாஸ்திரி ஒட்ட உயரமாக ஒரு இடம் வேண்டும். தார் வண்டிக்காரர் "இதில் உட்காரு தம்பி" என்றார், ரெண்டு பழமும் பிய்த்துக் கொடுத்தார். இவ்வளவுதான் கதை.

கல்லிடை அண்ணாச்சி:
ஆக, ஏறியாயிற்று. பழமும் தின்றாயிற்று. சகலை பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ரெண்டாவது கேள்விக்கு வா. வண்டி எங்கே போனது?

மேலப்பாளையம் ரன்னர்:
நின்ற வண்டியில் உட்கார்ந்தால் பயணம் என்றால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் டீக்கடையை ஓட்டிக்கொண்டு போனான் என்பீர்கள் போலிருக்கிறதே அண்ணாச்சி! அவர்கள் மழையில்லாத ஆனி வெயிலில் உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறார்கள். நீங்கள் ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு சகலைக்குத் துப்பறியும் வேலை கொடுத்திருக்கிறீர்கள்.

செய்துங்கநல்லூர் சைக்கிள்:
நடுவில் ஒரு வார்த்தை. எதற்கும் ஒரு விதி வேண்டும். பிரவே என்கிற நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தூங்கினாலும் தின்றாலும் கடிகாரம் நிற்காது. துணை வண்டியின் உதவியை, வழியில் வருகையைப் பதிவு செய்கிற கட்டுப்பாட்டு இடத்தில் மட்டும்தான் வாங்கலாம், நடுவழியில் வாங்கினால் தண்டனை. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் என்கிற நெடுந்தூர ஓட்டத்தில் 12 மணி நேரம் ஆனதும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. நீங்கள் எந்த விதியில் ஓடினீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால் இந்தச் சண்டையே…

கல்லிடை அண்ணாச்சி:
ஓய் சைக்கிள், தென்னாப்பிரிக்கா இருக்கட்டும். உம்ம வீட்டிலிருந்து கருங்குளம் கூப்பிடு தூரம். அன்றைக்கு அந்தப் பக்கம் குட்டியானை போனதா இல்லையா?

அம்பை வாத்தியார்:
"தாமிரபரணி முழுக்க" என்று அவர்கள் எழுதியிருப்பதே எனக்கு உறுத்துகிறது. ஆறு பிறப்பது பாபநாசத்தில் அல்ல, பொதிகையில், பூங்குளத்தில். அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர். இந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து. நினைத்தபோது ஏற விடமாட்டார்கள். மலை ஏறுகிறவர்கள் கேரளத்தின் போணக்காடு வழியாக அனுமதி வாங்கித்தான் போகிறார்கள். ஆகவே…

கல்லிடை அண்ணாச்சி:
வாத்தியாரே, மலையை விட்டு இறங்கி வாரும். நம் வழக்கு கருங்குளத்தில் நிற்கிறது.

சரி, இப்போது ஆதாரத்துக்கு வருகிறேன். அவர்களே போட்ட ஜிபிஎஸ் தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாபநாசத்திலிருந்து கருங்குளம் வரை கோடு சாலையோடு வளைந்து வளைந்து வருகிறது. கருங்குளத்தில் ஆரம்பித்து ஆதிச்சநல்லூர் வரை மட்டும் அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே நேர்கோடு, வயலுக்கும் வாழைத்தோப்புக்கும் மேலே! தம்பிமார் பறந்தார்களோ?

பொருநைப் பொடியன்:
வாட்ச்சில் சார்ஜ் தீர்ந்துவிட்டது அண்ணாச்சி. பவர்பேங்க் வைத்திருந்தவன் முன்னால் போய்விட்டான். ஆதிச்சநல்லூரில் அவனைப் பிடித்துச் சார்ஜ் ஏற்றி மறுபடி போட்டோம். நடுவில் பதிவு இல்லாவிட்டால் இந்த முனையையும் அந்த முனையையும் அது நேராக இணைத்துவிடும், யார் வாட்ச்சாக இருந்தாலும். நேரத்தைப் பாருங்கள். அந்த ஐந்தாறு கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. குட்டியானையில் போனால் பத்து நிமிஷம். மிச்ச நேரம் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழி தோண்டிக்கொண்டிருந்தோமா?

கல்லிடை அண்ணாச்சி:
தாழி தோண்டினீர்களோ, தாழிக்குள் படுத்துத் தூங்கினீர்களோ, எனக்கென்ன தெரியும்? பத்து நிமிஷம் வண்டி, மிச்ச நேரம் தூக்கம். கணக்கு சரியாகத்தானே வருகிறது? அம்பையில் தீராத சார்ஜ், பேட்டையில் தீராத சார்ஜ், சரியாக வாழைத்தார் வண்டியைப் பார்த்ததும் தீருமா?

மருந்துக்கடை மாப்பிள்ளை:
வண்டி கிடக்கட்டும், உப்பு எடுத்தீர்களா? வெயிலில் மணிக்கணக்காக ஓடிவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் ஆளையே சாய்த்துவிடும். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சிறிய கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது. இதை யாருமே எழுதக் காணோம்.

கல்லிடை அண்ணாச்சி:
பார்த்தீர்களா, குழப்பம் வருமாம்! உப்பு இறங்கினதில் வண்டி ஏறினதே தம்பிக்கு மறந்துபோயிருக்கும். மாப்பிள்ளை, என் பக்கத்துக்கு நல்ல சாட்சி சொன்னீர்.

வள்ளியூர் காத்து:
ஆனி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். கிழக்கே ஓடுவதற்கு ஒரு பதிவு, அதற்கு ஒரு சண்டை! திராணி இருந்தால் நாங்குநேரியிலிருந்து காவல்கிணறு வரை எதிர்க்காற்றில் வாருங்கள். காற்றாலை எதற்கு அங்கே வரிசையாக நிற்கிறது என்று தெரியும்.

மேலப்பாளையம் ரன்னர்:
வள்ளியூர்க்காரர்கள் காற்றைத் தவிர வேறு எதையும் வெல்ல வேண்டாம்.

ஆத்தூர் வெத்தலை:
எங்கள் ஊர் தாண்டித்தான் புன்னக்காயல் போக வேண்டும், அதனால் கேட்கிறேன். படத்தில் கால் நனைத்துக்கொண்டு நிற்பது கடல் மாதிரித் தெரியவில்லையே. பின்னால் படகு கட்டியிருக்கிறது, அலையே இல்லை. அது கழிமுகத் தண்ணீர். கடலுக்கு இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்திருக்கும்.

பொருநைப் பொடியன்:
உப்புக் கரித்தது. போதாதா?

ஆத்தூர் வெத்தலை:
முக்காணிப் பாலத்தடியில் ஆற்றுத் தண்ணீரைக் கோடையில் குடித்துப் பாருங்கள், அங்கேயும் கரிக்கும்.

கல்லிடை அண்ணாச்சி:
வெத்தலை, முக்காணிக்கு அப்புறம் வருவோம். எங்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் பச்சை கட்டிச் செந்தூருக்கு நடந்து போகிறார்கள். வெறுங்காலில். நாற்பது வயசுப் பெண்பிள்ளைகள், இடுப்பில் பிள்ளையோடு. கொப்புளத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்களா? வாட்ச் கட்டுகிறார்களா? அவர்கள் யாரும் கருங்குளத்தில் தார் வண்டியில் ஏறினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மேலப்பாளையம் ரன்னர்:
பையும் பாத்திரமும் முன்னால் வண்டியில்தானே போகிறது அண்ணாச்சி? ரேடியோ செட் கட்டி, முருகன் படம் வைத்து. அதுவும் குட்டியானைதான்.

கல்லிடை அண்ணாச்சி:
சாமி காரியத்தை இதில் இழுக்காதே.

மேலப்பாளையம் ரன்னர்:
இழுத்தது யார்? சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்குக் கோபம் குட்டியானை மேல் இல்லை. பொங்கல் ஓட்டத்துக்கு எல்லாரிடமும் டீ-ஷர்ட் பணம் வசூலித்தாரே, அதற்குக் கணக்குக் கேட்டது இந்த நாலு பேரும்தான். அன்றையிலிருந்து அவர்கள் குளித்தால்கூட எந்தப் படித்துறையில் குளித்தார்கள் என்று சகலை வேவு பார்க்கிறார்.

கல்லிடை அண்ணாச்சி:
கணக்கு நோட்டு என் பீரோவில் இருக்கிறது. வந்து பார். பதில் இல்லாதவன்தான் பேச்சை மாற்றுவான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: வண்டி எங்கே போனது?

பொருநைப் பொடியன்:
ஏரல் சந்தைக்குப் போனது அண்ணாச்சி, வாழைத்தாரோடு. எங்கள் ஆள் இறங்கின பிறகு. வேண்டுமானால் மழை முடிந்து மார்கழியில் புன்னக்காயலிலிருந்து பாபநாசத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறோம். சகலை பைக்கில் பின்னாலேயே வரட்டும்.

கல்லிடை அண்ணாச்சி:
சகலைக்குப் பெட்ரோல் யார் போடுவது?

மேலப்பாளையம் ரன்னர்:
டீ-ஷர்ட் பணத்தில் மிச்சம் இருக்குமே.

கல்லிடை அண்ணாச்சி:
ஏலே, உனக்கு எக்ஸ்எல் கேட்டு மீடியம் வந்தது என் தப்பா? தைத்த கடைக்காரன் தப்பு. மாற்றிக் கொடுக்கிறேன் என்று கையில் வாங்கி வைத்தேன். நீ வந்து எடுக்கவில்லை. அதற்கு ஊர் முழுக்க என்னைப் பற்றி…

மேலப்பாளையம் ரன்னர்:
எடுக்க வந்தேன். உங்கள் சகலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.