ப்ரீ-பை இன்ஸ்பெக்‌ஷன்: 'வாங்குமுன் ஆய்வு' சரிப்படுமா?

வணக்கம்.

பழைய சிறு பிசினஸ் ஜெட் வாங்குகிறவர்கள் செய்யும் ப்ரீ-பை இன்ஸ்பெக்‌ஷனுக்கு தமிழ்ச்சொல்லாக இதுவரை இந்தக் குழுவில் வந்த பரிந்துரைகள் முன்கொள்முதல் ஆய்வு, தரச்சோதனை, பறப்புத்தகுதிச் சோதனை. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. முன்கொள்முதல் என்றால் முன்கூட்டியே வாங்கிப்போடுவது என்றுதான் காதில் விழும். தரச்சோதனை தொழிற்சாலையில் நடப்பது. மூன்றாவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விஷயத்தையே கோட்டை விட்டுவிடுகிறது.

1990களில் வந்த முதல் செஸ்னா சைட்டேஷன்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு வில்லியம்ஸ் எஃப்ஜே44 எஞ்சின்களுக்கும் தயாரிப்பாளர் வைத்திருக்கும் கணக்கு, 3,500 மணி நேரத்தில் முழு ஓவர்ஹால் (எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது), நடுவில் 1,750 மணியில் எஞ்சினின் மிகச் சூடான பாகமான ஹாட் செக்‌ஷனைப் பிரித்துப் பார்ப்பது. 3,400 மணி ஓடிய எஞ்சின்களோடு அப்படி ஒரு விமானம் விற்பனைக்கு வந்தால் பறப்புத்தகுதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சோதனையில் தேறிவிடும், ஆனால் வாங்கியவர் இன்னும் நூறு மணி பறந்ததும் வரப்போகும் பில் விமானத்துக்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டிவரும் பராமரிப்புத் திட்டத்தில் எஞ்சின்கள் இருந்தால் கதை வேறு. அப்போதும் பாக்கி இருக்கிறதா, திட்டம் புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்று கேட்டாக வேண்டும். இதெல்லாம் வாங்குகிறவரின் கவலை, ஆகவே வாங்குவது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அதனால் என் பரிந்துரை 'வாங்குமுன் ஆய்வு'. வருமுன் காப்போம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது இடறாது. 'கொள்முன் ஆய்வு' இன்னும் சுருக்கம்தான், ஆனால் படித்தவுடன் கொள்ளு ஞாபகம் வருகிறது, விட்டுவிடலாம்.

சோதனை என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். மெக்கானிக் எஞ்சினைப் பற்றவைக்கும் இக்னைட்டரைக் கழற்றி அந்தத் துளை வழியாக போரஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, டர்பைன் இதழ்களின் நுனி கருகியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று திரையில் பார்ப்பதும், கழிவறைப் பக்கம் தரைப்பலகையைத் தூக்கி, கசிந்த நீர் அலுமினியத்தை அரித்து வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பதும் சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பாதி வேலை மேசையில் நடக்கிறது. பறந்த மணியும் பராமரிப்பும் எழுதிவைக்கும் லாக்புக் ஒன்று காணவில்லை என்றாலே விலை இறங்கிவிடும். ஆயுள்வரம்புப் பாகங்கள் (குறித்த அளவு ஓடியதும் மாற்றியே ஆக வேண்டியவை) முதல் நாளிலிருந்து எங்கே, எவ்வளவு ஓடின, அடிபட்ட விமானம் என்றால் பெரிய பழுதுபார்ப்பைப் பதிவுசெய்யும், அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏவின் படிவம் 337 இருக்கிறதா என்று தாள் தாளாகப் புரட்ட வேண்டும். அமெரிக்கப் பதிவு விமானமென்றால் ஒக்லஹோமா சிட்டியில் இருக்கும் பதிவகத்தில் அதன் மேல் கடன் நிற்கிறதா என்றும் தேடுவார்கள். இதற்குப் புதுச்சொல் தேடி யாரும் மெனக்கெட வேண்டாம், நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோமே, அதேதான். உடலையும் தாளையும் சேர்த்துச் சொல்ல 'ஆய்வு' போதும்.

அப்புறம் ஸ்குவாக், அதாவது விமானத்தில் கண்டுபிடித்துக் குறித்துவைக்கும் குறை. ஆய்வு முடிந்து மெக்கானிக் கையில் கொடுக்கும் குறைப்பட்டியலை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் கைமாறுகிறது. பறப்புத்தகுதியைப் பாதிக்கிற குறையை விற்பவர் தன் செலவில் சரிசெய்து கொடுப்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் வழக்கம், இருக்கைத் தோல் வெடித்திருப்பது, பெயின்ட் மங்கியது எல்லாம் வாங்குகிறவர் பேரம் பேசிக்கொள்ள வேண்டியது. முதலாவது 'பறப்புக்குறை', இரண்டாவது 'தோற்றக்குறை' என்று வைத்தால் ஒப்பந்தம் எழுதவும் வசதி.

ஹாட் செக்‌ஷன்தான் இன்னும் நிற்கிறது. 'வெப்பப் பகுதி' என்றால் புவியியல் பாடம் மாதிரி இருக்கிறது. 'அனல்பகுதி' எனக்குப் பிடித்திருக்கிறது, அனல்மின் நிலையம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் புதிதாகவும் தோன்றாது, எரியறை, டர்பைன் இரண்டும் அதற்குள் அடங்கும். எஞ்சின் பக்கம் வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.